ஹிபாச்சி, ஷிச்சிரின், இரோரி: ஜப்பானியக் கரி நெருப்புப் பாத்திரங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒசாகாவில் எங்கள் வீட்டுக் கூடத்தில், சோபாவுக்குப் பக்கத்தில், நீல நிறப் பீங்கான் தொட்டி ஒன்று இருக்கிறது. இரண்டு கையாலும் அணைத்துத் தூக்க வேண்டிய அளவு. உள்ளே முக்கால்வாசி சாம்பல். ஊரிலிருந்து வருகிறவர்கள் முதலில் அதைக் குப்பைத் தொட்டி என்றுதான் நினைக்கிறார்கள். ஒருவர் ஆரஞ்சுத் தோலையே போட்டுவிட்டார். அது ஹிபாச்சி என்று சொன்னதும் கேள்விகள் வரிசை கட்டும். திரும்பத் திரும்பச் சொல்லி அலுத்துப்போய் இங்கே எழுதி வைத்துவிட்டேன்.

ஹிபாச்சி என்றால் அடுப்புதானே?

இல்லை. ‘ஹி’ என்றால் நெருப்பு, ‘ஹாச்சி’ என்றால் சட்டி. சேரும்போது ஹிபாச்சி. தமிழில் இதற்குப் பொருத்தமான சொல் ஏற்கெனவே இருக்கிறது: கணப்புச் சட்டி. குளிர் காய்வதற்கான பாத்திரம். சமைப்பது இதன் முதல் வேலை இல்லை.

வித்தியாசம் அடிப்பக்கத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். கரி அடுப்பில் கீழே காற்று புக ஒரு வாய் இருக்கும், நடுவில் ஓட்டை போட்ட தட்டு இருக்கும். ஹிபாச்சியில் இரண்டும் கிடையாது. பாத்திரம், அது நிறையச் சாம்பல், சாம்பலின் நடுவே நாலைந்து கங்குகள், அவ்வளவுதான். காற்று மேலிருந்து மட்டுமே கிடைப்பதால் தீ கொழுந்து விடாது, சீறாது. அமைதியாகக் கனன்றுகொண்டே இருக்கும். சுற்றி உட்கார்ந்து கைகளை நீட்டிக் காய்வார்கள். சாம்பலில் மூன்று கால் ஊன்றிய ஒரு இரும்பு வளையத்தை நிறுத்தி, அதன் மேல் இரும்புக் கெண்டியை வைத்துவிட்டால், நாள் முழுக்க வெந்நீர் தயார். அந்த வளையத்துக்கு கொத்தொக்கு என்று பெயர். எழுத்தைப் பிரித்தால் ‘ஐந்து நற்குணங்கள்’ என்று பொருள் வரும். மூன்று காலுக்கு ஏன் ஐந்து குணம் என்று கேட்டால், ஆளுக்கொரு கதை சொல்வார்கள்.

அமெரிக்காவில் ‘ஹிபாச்சி’ உணவகத்தில் கண்ணெதிரே இறாலைத் தூக்கிப் போட்டுச் சமைக்கிறார்களே?

அது ஹிபாச்சி இல்லை, தெப்பன்யாக்கி. இரும்புத் தகட்டின் மேல் சமைப்பது. அதுவும் பழைய வழக்கம் ஒன்றும் இல்லை. 1945-இல் கோபே நகரில் மிசோனோ என்ற கடையில் தொடங்கியது என்பார்கள். 1964-இல் நியூயார்க்கில் திறந்த பெனிஹானா அதை வித்தையாக்கிப் பிரபலப்படுத்தியது. அப்புறம் எப்படியோ ஹிபாச்சி என்ற பெயர் அதோடு ஒட்டிக்கொண்டது. போதாக்குறைக்கு, கைப்பிடி வைத்த சின்ன வார்ப்பிரும்புக் கறி சுடும் அடுப்பையும் அங்கே ஹிபாச்சி என்றே விற்கிறார்கள். ஜப்பானில் போய் “ஹிபாச்சி சாப்பிடலாமா?” என்று கேட்டால், சட்டியைச் சாப்பிடக் கூப்பிடுகிறோம் என்று ஆகிவிடும்.

இது எவ்வளவு பழையது?

ஆயிரம் வருடத்துக்கு மேல். ஹேயான் காலத்து அரண்மனைகளில் மரத்தால் செய்த உருண்டைக் கணப்புகள் இருந்தன. அவற்றை ஹிஒகே என்றார்கள். ஏறக்குறைய கி.பி. 1000-இல் அரசியிடம் பணிபுரிந்த ஸேய் ஷோனகோன் என்ற பெண், குளிர்காலக் காலைகளைப் பற்றி எழுதும்போது, அவசரமாக நெருப்பு மூட்டிக் கரியைத் தூக்கிக்கொண்டு ஓடுவது அந்த நேரத்துக்கு எவ்வளவு பொருத்தம் என்று ரசிக்கிறார். அதே கையோடு, மதியம் குளிர் தணிந்ததும் கணப்பில் கங்கெல்லாம் வெள்ளைச் சாம்பலாகக் கிடப்பது பார்க்கச் சகிக்கவில்லை என்று முகத்தைச் சுளிக்கிறார். கணப்பு வைத்திருக்கும் எவருக்கும் அந்தச் சுளிப்பு புரியும்.

தொடக்கத்தில் இது பெரிய வீட்டுச் சமாச்சாரம். கரிக்குப் புகை கிடையாது, ஆனால் விறகைவிட விலை அதிகம். எடோ (Edo) காலம் என்று சொல்லும் 1603 முதல் 1868 வரையான காலத்தில்தான் நகரத்துச் சாதாரண வீடுகளுக்கும் வந்து சேர்ந்தது. மண்ணிலும் பீங்கானிலும் செய்தவை அடுத்து வந்த மெய்ஜி காலத்திலிருந்து ஏராளமாக உற்பத்தியாகி, வீட்டுக்கு ஒன்று என்றில்லாமல் அறைக்கு ஒன்று என்று ஆயின.

வகைகள் என்னென்ன?

எனக்குப் பிடித்தது நாகஹிபாச்சி, நீளக் கணப்பு. பார்த்தால் ஒரு சின்ன மேசை மாதிரி இருக்கும். மரப்பெட்டி, உள்ளே செம்புத் தகடு அடித்த குழி, பக்கத்திலும் கீழேயும் இழுப்பறைகள். கணப்புச் சூட்டில் அந்த இழுப்பறைகள் எப்போதும் ஈரமில்லாமல் இருக்கும் என்பதால் தேயிலை, புகையிலை, வறுத்த கடற்பாசித் தாள் எல்லாம் அதில்தான். சாம்பலுக்குள் பாதி புதைந்த ஒரு செம்புத் தொட்டியும் உண்டு; அதில் நீர் சூடாகிக்கொண்டே இருக்கும், சாக்கே என்ற அரிசி மதுவின் குடுவையை அதில் இறக்கி வெதுவெதுப்பாக்குவார்கள். ஒரு ஓரத்தில் பலகை போட்டிருக்கும். கிண்ணம் வைப்பதற்காகத்தான் போட்டார்கள். ஆனால் கதகதப்பாக இருக்கும் அந்த இடத்தைப் பூனை பிடித்துக்கொள்ளும். பலகைக்குப் பெயரே ‘பூனைப் பலகை’ என்று ஆகிவிட்டது, நெக்கோயிதா.

தோக்கியோ பக்கத்துச் செய்முறையில் இந்தப் பெட்டி கச்சிதமாக இருக்கும். கியோத்தோ, ஒசாகா பக்கத்தில் சுற்றிலும் அகலமான விளிம்பு வைத்திருப்பார்கள். அதிலேயே தட்டை வைத்துச் சாப்பிடலாம்.

பௌலோனியா மரத்தின் அடித்தண்டைக் குடைந்து செய்த உருளைக் கணப்பு உண்டு. மடியருகே வைத்துக் கை காய்வதற்கென்று தேயாபுரி என்ற குட்டிப் பாத்திரம் உண்டு. எங்கள் வீட்டில் இருப்பது போன்ற நீலப் பீங்கான் உருண்டைகள்தான் எண்ணிக்கையில் அதிகம். அவற்றின் கதை கீழே வருகிறது.

அறை முழுக்கச் சூடாகுமா?

ஆகாது. இதைத் தெரியாமல் வாங்கி ஏமாந்தவர்கள் உண்டு. ஹிபாச்சியின் சூடு வெயில் மாதிரி: எதிரே இருக்கும் உடம்பில் படும், பின்னால் இருக்கும் சுவரை எட்டாது. முகமும் கையும் இதமாக இருக்கும்போதே முதுகு விறைத்துக்கொண்டிருக்கும். அதனால்தான் ஜப்பானியக் குளிர்கால உடை பஞ்சு வைத்துத் தைத்ததாக, முதுகை மூடுவதாக இருந்தது.

பழைய ஜப்பானிய வீட்டுக்கு வேறு வழியும் இல்லை. மரச்சட்டத்தில் காகிதம் ஒட்டிய கதவுகள், தரைக்கு அடியில் காற்று ஓடும் வெற்றிடம். வீடே வியர்வையும் புழுக்கமுமான கோடைக்காகக் கட்டியது. அந்த வீட்டில் அறையைச் சூடாக்குவது தெருவைச் சூடாக்குவது மாதிரி. ஆளைச் சூடாக்கினால் போதும் என்று விட்டுவிட்டார்கள்.

சாம்பல் எதற்கு இவ்வளவு? எடுத்துக் கொட்டிவிட்டால் என்ன?

இந்தக் கேள்வியைத்தான் நான் எதிர்பார்த்துக்கொண்டே இருப்பேன். ஹிபாச்சி என்பது உண்மையில் சாம்பல்தான். சுற்றி இருக்கும் பீங்கான் அதைச் சிந்தாமல் பிடித்துவைக்கும் உறை.

முதலாவது, சாம்பல் சூட்டைக் கடத்தாது. சிவந்த கங்கு நடுவில் இருக்கும்போதும் பாத்திரத்தின் வெளிப்பக்கத்தைத் தொடலாம். சாம்பல் இல்லாமல் நேராகக் கரியைப் போட்டால் பீங்கான் வெடிக்கும், மரப்பெட்டி கருகும், கீழே தத்தாமிப் பாய் போய்விடும்.

இரண்டாவது, தீயைக் கூட்டிக் குறைக்கும் திருகு இங்கே சாம்பல்தான். நெருப்பைக் கூட்ட வேண்டுமா, கங்கைச் சுற்றியுள்ள சாம்பலை விலக்கிக் காற்றுப் பட விடுங்கள், கரித்துண்டுகளை ஒன்றோடொன்று சாய்த்து நிறுத்துங்கள். குறைக்க வேண்டுமா, படுக்க வைத்துச் சாம்பலை மெல்ல மேலே இழுத்து விடுங்கள். முழுக்க மூடினால் அணையாது. உள்ளே கண்ணுக்குத் தெரியாமல் விடியும்வரை இருக்கும். நாம் ‘நீறு பூத்த நெருப்பு’ என்கிறோமே, அதேதான். ஜப்பானியர்கள் உஸுமிபி என்கிறார்கள், புதைத்த நெருப்பு. நம் வழக்கில் அது அடங்கிய கோபத்துக்கும் பகைக்கும் ஆகிவிட்டது. அவர்களுக்கு அது ஹைக்கூவில் குளிர்காலத்தைச் சுட்டும் சொல். இரவு மூடிவைத்து, காலையில் கிளறி, மேலே இரண்டு புதுக்கரியை வைத்தால் அடுத்த நாள் நெருப்பு தயார். தீக்குச்சி வருவதற்கு முந்தைய காலத்தில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள்.

எந்தச் சாம்பல் என்பதும் முக்கியம். சுத்தமான மரச்சாம்பல், அல்லது வைக்கோல் சாம்பல். நன்றாகச் சலித்து, மாவு மாதிரி இருக்க வேண்டும். முதல் வருடம் நான் ஒரு நண்பரின் தோட்டத்தில் குப்பை எரித்த சாம்பலை அள்ளி வந்து நிரப்பினேன், காசு மிச்சம் என்று. சூடு ஏறியதும் பெயின்ட் நாற்றமும் பிளாஸ்டிக் நாற்றமும் கிளம்பி, மனைவி பாத்திரத்தோடு என்னையும் பால்கனிக்கு அனுப்பிவிட்டாள். அது மொத்தத்தையும் கொட்டிவிட்டுப் புதுச் சாம்பல் வாங்கினேன். ஆமாம், இங்கே சாம்பலும் கடையில் பொட்டலமாகக் கிடைக்கும். பெரிய தொட்டியாக இருந்தால் அடியில் கூழாங்கல்லை நிரப்பி, மேலே மட்டும் சாம்பல் போட்டும் சமாளிக்கலாம்.

சாம்பலைச் சமன் செய்ய சீப்பு மாதிரிப் பல் வைத்த ஒரு சின்ன உலோகத் தகடு வரும். அதால் வட்டமாகக் கோடு இழுத்துவிட்டால் கோலம் போட்ட வாசல் மாதிரி இருக்கும். வேலை ஒன்றும் இல்லாத ஞாயிற்றுக்கிழமை மதியத்தில் அதைப் போட்டு அழித்துப் போட்டு உட்கார்ந்திருப்பேன்.

நெருப்பு மூட்டுவது எப்படி?

ஹிபாச்சிக்குள் வைத்து மூட்டக்கூடாது. புகையும் பொறியும் வரும். அடியில் ஓட்டை போட்ட, கைப்பிடி உள்ள ஒரு சின்ன இரும்புச் சட்டி இருக்கிறது. கரியை அதில் போட்டு கேஸ் அடுப்பின் மேல் வைத்தால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் சிவந்துவிடும். மின்காந்த அடுப்பு உள்ள வீட்டில் இது நடக்காது. சிவந்த கரியை இரும்புக் கரண்டி மாதிரியான ஒன்றில் ஏந்தி வந்து, சாம்பலில் பறித்த குழியில் வைத்து, சுற்றிலும் புதுக்கரியைச் சாய்த்து வைக்க வேண்டும். தீ தானாகப் பரவும். ஊதினால் கண்ணிலும் வாயிலும் சாம்பல்தான்.

கரியைப் பிடிக்க இடுக்கி கிடையாது, உலோகக் குச்சிகள் இரண்டு. ஹிபாஷி என்று பெயர். சாப்பிடும் குச்சி மாதிரியேதான், கொஞ்சம் நீளம். ஹிமேஜி ஊரில் மியோச்சின் என்ற பழைய கொல்லர் குடும்பம் ஒன்று இருக்கிறது. சாமுராய்க் கவசம் அடித்தவர்கள். கவசத்துக்கு வேலை இல்லாமல் போனபின் இந்தக் குச்சிகளை அடித்தார்கள். கணப்பும் வழக்கொழிந்தபின், அதே குச்சிகள் நான்கைக் கட்டித் தொங்கவிட்டுக் காற்றில் ஒலிக்கும் மணியாக விற்கத் தொடங்கினார்கள். அந்த ஓசையைக் கேட்டால் இரும்பு என்று நம்ப மாட்டீர்கள்.

அணைக்க, மிச்சக் கரியை மூடியுள்ள ஒரு மண்பானையில் போட்டு மூடிவிட வேண்டும். காற்று இல்லாமல் அணைந்துவிடும். அந்த அணைந்த கரி மறுநாள் சீக்கிரம் பற்றும். வீணாக எதுவும் போகாது. தண்ணீர் மட்டும் ஊற்றவே கூடாது. நீராவியும் சாம்பலும் சேர்ந்து மேலெழும்பி, கூடம் மொத்தமும் துடைக்க வேண்டியிருக்கும்.

அப்படியானால் சமைக்க எதைப் பயன்படுத்தினார்கள்? ஷிச்சிரின் என்கிறார்களே, அதுவா?

அதுவேதான். நம் பாட்டிமார் வைத்திருந்த குமுட்டி அடுப்பைப் பார்த்தவர்களுக்கு ஷிச்சிரினை விளக்கவே தேவையில்லை: கீழே காற்று வாய், நடுவில் ஓட்டைத் தட்டு, மேலே கரி. வாய்க்கு இழுத்து மூடும் ஒரு சின்னக் கதவு. அதைத் திறந்தால் தீ கூடும், சாத்தினால் குறையும். விசிறியால் வீசுவதும் அப்படியே. ஒசாகாப் பக்கத்தில் இதையே கான்தெக்கி என்பார்கள்.

வித்தியாசம் எதனால் செய்தது என்பதில்தான். நல்ல ஷிச்சிரின் டயட்டமைட் என்ற மண்ணால் ஆனது. டயட்டம் என்பவை கண்ணுக்குத் தெரியாத நீர்ப்பாசிகள். அவற்றின் கண்ணாடி போன்ற ஓடுகள் பல லட்சம் வருடங்கள் கடலடியில் படிந்து பாறையானது. உள்ளே முழுக்க நுண்துளைகள், துளைகளுக்குள் காற்று. அதனால் தூக்கினால் எடையே இருக்காது, சூடும் வெளியே கசியாது. எல்லாச் சூடும் மேல்நோக்கித்தான் போகும். கைப்பிடிக் கரியில் ஒரு வேளைச் சமையல் முடியும்.

இஷிக்காவா மாகாணத்தின் நோத்தோ தீபகற்பத்தின் முனையில் இருக்கும் சுஸு ஊர்தான் இதற்குப் பேர்போனது. அங்கே மலைக்குள் சுரங்கம் குடைந்து, மண்ணைத் தூளாக்காமல் பாளமாகவே உளியால் வெட்டி எடுப்பார்கள். அந்தப் பாளத்தையே அடுப்பின் வடிவத்தில் செதுக்கிச் சூளையில் சுடுவார்கள். மற்ற இடங்களில் தூளைப் பிசைந்து அச்சில் அழுத்துகிறார்கள், விலை குறைவு. செதுக்கியது கூடுதலாகச் சூட்டைப் பிடிக்கும், நெடுநாள் உழைக்கும். 2024 ஜனவரி 1 அன்று நோத்தோவை உலுக்கிய 7.6 அளவு நிலநடுக்கம் சுஸுவின் சூளைகளையும் விட்டுவைக்கவில்லை. அதற்கு முந்தைய வருடம் மே மாதமும் அதே ஊரில் ஒரு பெரிய நடுக்கம். ஏற்கெனவே விரல்விட்டு எண்ணும்படி மிஞ்சியிருந்த தொழில் அது.

ஷிச்சிரின் என்ற பெயரை எழுதும் எழுத்துகளில் முதலாவது ‘ஏழு’. ‘ரின்’ என்பது யென்னில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஏழு ரின் காசுக்குக் கரி வாங்கினால் சமையல் முடிந்துவிடும் என்பதால் இந்தப் பெயர் என்று ஒரு கதை. காசு இல்லை, கரியின் எடைதான் ஏழு ரின் என்று இன்னொரு கதை. இரண்டுமே சிக்கனத்தைப் பற்றியவை என்பதைக் கவனியுங்கள்.

பராமரிப்பு ஒரே வரி: கழுவாதீர்கள். டயட்டமைட் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும், அடுத்த முறை சூடேறும்போது விரிசல் விடும். மழையில் நனைந்தால் நன்றாகக் காயவிட்டு, முதலில் சிறு தீயில் மெல்லச் சூடாக்குங்கள்.

கரியில் சுட்ட மீன் ஏன் அப்படி ருசிக்கிறது?

கேஸ் எரியும்போது நீராவியும் உண்டாகும். கரி ஏறக்குறைய வெறும் கார்பன், அதனால் அது எரியும்போது நீராவி மிகக் குறைவு. தோல் ஈரமாகாமல் மொறுமொறுவென்று வரும். அதோடு கங்கின் சூடு காற்றாக அல்லாமல் கதிராக வந்து தாக்குவதால், மேல்தோல் சீக்கிரம் முறுகி உள்ளே சாறு தங்கும். இலையுதிர்காலத்தில் சன்மா என்ற நீள மீனை ஷிச்சிரினில் சுடுவார்கள். கொழுப்பு சொட்டச் சொட்டப் புகை கிளம்பித் தெருவே மணக்கும். அடுக்குமாடியில் அதைச் செய்தால் மணம் என்ற சொல்லைப் பக்கத்து வீட்டுக்காரர் பயன்படுத்த மாட்டார்.

எந்தக் கரி நல்லது? பின்ச்சோத்தான் வாங்க வேண்டுமா?

கணப்புக்கு வேண்டாம், சமையலுக்குக் கையிருப்பைப் பொறுத்து.

ஜப்பானில் கரி இரண்டு சாதி: கறுப்பு, வெள்ளை. கறுப்புக்கரியைச் சூளைக்குள்ளேயே வைத்து, வாயை அடைத்து அணைப்பார்கள். லேசானது, சீக்கிரம் பற்றும். வெள்ளைக்கரிக்குக் கடைசியில் காற்றை உள்ளே விட்டுச் சூட்டை ஆயிரம் டிகிரிக்கு மேல் ஏற்றி, தகதகவென்று இருக்கும்போதே வெளியே இழுத்து, ஈரச் சாம்பலும் மண்ணும் கலந்த பொடியைப் போட்டு மூடி அணைப்பார்கள். அந்தப் பொடி ஒட்டித்தான் வெள்ளை.

வெள்ளைக்கரியில் ராஜா பின்ச்சோத்தான். வக்காயாமாவில், பழைய பெயரில் கிஷூவில், உபாமே ஓக் என்ற கெட்டி மரத்திலிருந்து செய்வது. 17-ஆம் நூற்றாண்டின் கடைசியில் தானாபே ஊரில் கரி வியாபாரம் செய்த பித்ச்சூயா சோஸயேமோன் என்பவரின் பெயரைச் சுருக்கி வந்தது அது. இரண்டு துண்டைத் தட்டினால் ‘டிங்’ என்று உலோக ஓசை வரும். மணிக்கணக்கில் ஒரே சீராக எரியும். கோழியைக் குச்சியில் குத்திச் சுடும் யாக்கித்தோரிக் கடைகளும் விலாங்கு மீன் கடைகளும் இதற்காகத்தான் காசு கொடுக்கின்றன.

ஆனால் பற்றவைப்பது பெரும்பாடு. ஈரம் இருந்தாலோ அவசரப்பட்டுச் சூடேற்றினாலோ படாரென்று வெடித்துத் துண்டு பறக்கும். வீட்டுக் கணப்புக்கு ஓக் மரக் கறுப்புக்கரியே போதும். பொறி பறக்கும் மலிவுக்கரியை மட்டும் தவிருங்கள்.

இரோரி என்பது என்ன?

அது பாத்திரம் இல்லை, வீட்டின் ஒரு பகுதி. கிராமத்து வீட்டுக் கூடத்தின் நடுவே தரையில் சதுரமாக வெட்டிச் சாம்பல் நிரப்பிய குழி. இதில் கரியும் போடுவார்கள், ஆனால் பெரும்பாலும் விறகுதான். கூரையிலிருந்து மூங்கில் குழாயில் ஒரு கொக்கி தொங்கும், அதில் பானை. கொக்கியின் உயரத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு குறுக்குக் கட்டை. அதைப் பெரும்பாலும் மீன் வடிவில் செதுக்கியிருப்பார்கள். மீன் தண்ணீரில் இருப்பது, ஆகவே தீ விபத்து வராது என்று நம்பிக்கை.

நான்கு பக்கமும் உட்காரலாம் என்றாலும், யார் எங்கே என்பதில் விளையாட்டே கிடையாது. வாசலுக்கு எதிர்ப்பக்கம், உள்தள்ளி இருப்பது வீட்டுத்தலைவருக்கு. சமையல் பக்கம் இருப்பது வீட்டம்மாவுக்கு. அவருக்கு எதிரே விருந்தாளி. மிச்சமிருக்கும் நாலாவது பக்கத்துக்கு கிஜிரி என்று பெயர், ‘விறகின் வால்’. நீள விறகின் எரியாத நுனி நீட்டிக்கொண்டிருக்கும் இடம். கடைக்குட்டிகளும் வேலைக்காரர்களும் மருமகளும் அங்கே. புகை யார் முகத்தில் அடித்திருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

புகைபோக்கி கிடையாது. புகை மேலே ஏறிக் கூரைப்புல்லைக் கறுப்பாக்கும். அது குறை இல்லை. பூச்சி அரிக்காமல், ஈரம் தங்காமல் கூரையைக் காத்தது அந்தப் புகைதான். 1995-இல் உலகப் பாரம்பரியச் சின்னமான ஷிராக்காவா-கோ கிராமத்து வீடுகளுக்குள் போனால், உத்தரங்கள் தார் பூசியது போல மின்னுவதைப் பார்க்கலாம்.

கொத்தாட்சுவும் கரியில்தான் இருந்ததா?

ஆமாம். குட்டை மேசை, மேலே கனத்த மெத்தைவிரிப்பு, உள்ளே காலை நீட்டிக்கொள்வது. இன்று மேசையின் அடியில் மின்விளக்கு மாதிரி ஒரு சூடேற்றி இருக்கிறது; தோஷிபா நிறுவனம் அதை 1957-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்கு முன்னால் உள்ளே இருந்தது கரிப் பாத்திரம். பழைய நாள்காட்டியின் பத்தாம் மாதத்தில் முதல் பன்றி நாளன்று (அதில் பன்னிரண்டு விலங்குகளின் பெயரில் நாள்கள் சுழலும்) கொத்தாட்சுவைத் திறந்தால் தீ விபத்து வராது என்பார்கள். பன்றிக்கு நெருப்பு அண்டாதாம். விரிப்புக்கு அடியில் கங்கை வைத்துவிட்டுத் தூங்கியவர்களுக்குப் பன்றியின் காவல் தேவைப்பட்டதில் ஆச்சரியம் இல்லை.

தேநீர்ச் சடங்கில் இதெல்லாம் எப்படி வருகிறது?

நவம்பர் முதல் ஏப்ரல் வரை தரையில் பதித்த ‘ரோ’ என்ற சதுரக் கணப்பு, மே முதல் அக்டோபர் வரை தரைமேல் வைக்கும் ‘ஃபூரோ’. குளிரில் நெருப்பு விருந்தாளிக்குப் பக்கத்தில், வெயிலில் தள்ளி. ரோவின் அளவு பக்கத்துக்கு ஏறக்குறைய 42 செ.மீ. எல்லாக் கரித்துண்டுக்கும் நீளமும் பருமனும் பெயரும் உண்டு. வெட்டிய முகத்தில் சாமந்திப் பூ மாதிரி வெடிப்பு ஓடும் ஓக் கரியைத் தேர்ந்தெடுத்து, தூசியும் பொறியும் வராமல் இருக்கக் கழுவிக் காயவைத்துப் பயன்படுத்துவார்கள். சிவந்த கரி மேல் சுண்ணம் பூசிய வெள்ளைக் கரிக்குச்சிகள் சாய்ந்திருப்பதை விருந்தாளிகள் முன்னால் நகர்ந்துவந்து குனிந்து பார்ப்பார்கள்.

இங்கும் கடைசியில் சாம்பல்தான். குளிர்காலத்தில் தூவும் ஈரச் சாம்பலைக் கோடையின் உச்ச வெயிலில் தேயிலை நீர் தெளித்து, பிசைந்து, சலித்துத் தயார் செய்வார்கள். தலைமுறை தலைமுறையாகச் சேர்த்தது. தேநீர் ஆசான் வீடு தீப்பற்றினால் முதலில் சாம்பலைத் தூக்கிக்கொண்டு ஓடுவார் என்று சொல்வதுண்டு. எரியும் வீட்டிலிருந்து சாம்பலைக் காப்பாற்றுவது என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் சிரிப்பு வருகிறது, ஆனால் அவர்கள் விளையாட்டாகச் சொல்வதில்லை.

வீட்டுக்குள் வைத்தால் ஆபத்தா?

ஆபத்துதான், சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு வரும். நிறம் இல்லை, மணம் இல்லை. ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ரத்தத்தில் ஒட்டிக்கொள்ளும். தலைவலி, குமட்டல், தூக்கக் கலக்கம், அப்புறம் எழுந்திருக்க முடியாது. பின்ச்சோத்தான் புகையாது, அதனால் பரவாயில்லை என்று சிலர் நினைக்கிறார்கள். புகை இல்லாவிட்டாலும் இந்த வாயு உண்டு.

பழைய வீடுகளில் ஆயிரம் இடுக்கில் காற்று புகுந்ததால் தப்பித்தார்கள். இன்றைய அலுமினிய ஜன்னல் வீடு அப்படி இல்லை. நாங்கள் எரிக்கும்போது எதிரெதிரே இரண்டு ஜன்னல்களைத் திறந்துவைக்கிறோம், வாயு எச்சரிக்கைக் கருவி ஒன்றும் வாங்கி வைத்திருக்கிறோம், எல்லாரும் தூங்கப் போகுமுன் கரி முழுவதும் மண்பானைக்குள் போய், பானை பால்கனிக்குப் போய்விடும். மேலே சொன்ன புதைத்த நெருப்பு அழகுதான், ஆனால் இன்றைய படுக்கையறைக்கு ஆகாது. ஷிச்சிரினோ, அதைவிடப் பெரிய தீ, திறந்தவெளியில் மட்டும். கூடாரத்துக்குள், காருக்குள் ஒருபோதும் வேண்டாம்.

இவ்வளவு பரவலாக இருந்தது எப்படி மறைந்தது?

மண்ணெண்ணெய் ஸ்டவ், கேஸ், மின்சாரம். 1950-களின் கடைசியில் தொடங்கிப் பத்துப் பதினைந்து வருடத்தில் முடிந்துவிட்டது.

அதன் அடி பலமாக விழுந்த இடம் ஷிகா மாகாணத்து ஷிகராக்கி. கொரகொரப்பான அந்த ஊர் மண்ணில் பெரிய பாத்திரம் வனையலாம், திடீர்ச் சூட்டையும் தாங்கும். போருக்குப் பின் நாட்டில் விற்ற பீங்கான் ஹிபாச்சிகளில் பெரும்பகுதி அங்கிருந்துதான் போயின. எங்கள் வீட்டு நீலமும் அங்கே சுட்டதுதான். கணப்பை யாரும் கேட்காமல் போனதும், அதே சக்கரம், அதே சூளை, அதே நீல மெருகு, அடியில் ஒரு ஓட்டையைப் போட்டுப் பூந்தொட்டியாக விற்றார்கள். இன்னொரு பக்கம், வைக்கோல் தொப்பியும் சாக்கே குடுவையுமாகக் கடைவாசலில் நிற்கும் தானுக்கி என்ற ரக்கூன் நாய் பொம்மை. 1951-இல் பேரரசர் வந்தபோது கையில் கொடி கொடுத்து இந்தப் பொம்மைகளை வழிநெடுக நிறுத்திவைத்ததில் அவை நாடெங்கும் பிரபலமாகியிருந்தன. ஊர் பிழைத்துக்கொண்டது.

பழைய ஹிபாச்சி வாங்கினால் எதைக் கவனிக்க வேண்டும்?

பழம்பொருள் சந்தைகளில் பீங்கான் ஹிபாச்சி கேட்பாரற்றுக் கிடக்கும். வாங்குவதைவிட வீட்டுக்குத் தூக்கி வருவதுதான் செலவு. விரலால் சுண்டிப் பாருங்கள், கரகரவென்று கேட்டால் விரிசல். அடியில் ஓட்டை இருக்கிறதா பாருங்கள், இருந்தால் நீங்கள் வாங்குவது பூந்தொட்டி. மரத்தில் செய்ததென்றால் உள்ளே உள்ள செம்புத் தகட்டில் பொத்தல் இருக்கக்கூடாது. நெருப்பு வைக்கும் எண்ணம் இல்லையென்றால் இதெல்லாம் தேவையில்லை. இங்கே பாதிப் பேர் இதில் தண்ணீர் விட்டு மெதாக்கா மீன் வளர்க்கிறார்கள்.

சரி, கடைசியாக, இதில் எதுவுமே சமைக்கக்கூடாதா?

லேசாக ஏதாவது செய்யலாம். கொத்தொக்கு மேல் கம்பிவலையை வைத்து உலர்ந்த கணவாயை வாட்டலாம். புத்தாண்டு சமயத்தில் மோச்சி என்ற அரிசிக்கட்டி சுடலாம். மீனைப் பிரபுவிடம் கொடுத்துச் சுடச் சொல், மோச்சியைப் பிச்சைக்காரனிடம் கொடு என்று ஜப்பானியர்கள் சொல்வார்கள். பிரபு மீனைத் திருப்பாமல் நிதானமாக விட்டுவிடுவார். பசித்தவன் ஆச்சா, ஆச்சா என்று மோச்சியைப் புரட்டிக்கொண்டே இருப்பான், அது கருகாமல் பூரி மாதிரி உப்பும். எங்கள் வீட்டில் அந்த வேலை மகனுக்கு.

கொழுப்புள்ள மீன், இறைச்சி மட்டும் கூடாது. சொட்டும் கொழுப்பு சாம்பலில் இறங்கினால் அடுத்த குளிர்காலம்வரை ஒவ்வொரு முறை பற்றவைக்கும்போதும் கருவாட்டு வாடைதான். மோச்சிக்குச் சோயா சாஸ் தடவுவதையும் தட்டில் எடுத்தபின் வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். மகன் கேட்பதில்லை. சாம்பலில் அங்கங்கே பழுப்பு உருண்டை தெரிகிறதே, அது அவன் வேலை.